லேப்டாப்புக்கு ஹார்டுவேர் ரெய்டு: போர்ட் பார்ப்பதில் தொடங்கி முதல் காப்பி வரை

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் இரண்டு எஸ்எஸ்டி, அவற்றைச் சேர்த்து ஒரே டிஸ்க்காக ஓட்டும் ஒரு ரெய்டு பெட்டி எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கே இதைவிட ஃபாஸ்டா இருந்துச்சுப்பா" என்றார். போய்ப் பார்த்தால், பெட்டியோடு வந்த குட்டைக் கேபிள் டப்பாவிலேயே இருக்கிறது. மேசையில் கிடந்த போன் சார்ஜர் கேபிளை எடுத்துச் சொருகியிருக்கிறார். இரண்டு முனையும் டைப்-சி, சொருகினால் கச்சிதமாக உட்கார்கிறது, ஆனால் உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2.0. நொடிக்கு 40 எம்பி. கேபிளை மாற்றியதும் 900ஐத் தாண்டியது.

இது போல நான் பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி வரிசை தவறியதால் வந்தவைதான். டிஸ்க்கை முதலில் வாங்கிவிட்டு, போர்ட்டைக் கடைசியில் பார்க்கிறார்கள். அதனால் எதற்கு அடுத்து எது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

1. ஹார்டுவேர் ரெய்டு என்று எதைச் சொல்கிறோம்

லேப்டாப்பின் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போனால் சில மாடல்களில் 'ரெய்டு' என்று ஒரு தேர்வு இருக்கும். இன்டெல் என்றால் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி அல்லது விஎம்டி, ஏஎம்டி என்றால் ரெய்டுஎக்ஸ்பர்ட் என்ற பெயரில் வரும். பெயர் பயாஸில் இருப்பதால் ஹார்டுவேர் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் டேட்டாவைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்க்குக்கும் பிரித்து அனுப்பும் வேலையை அங்கே செய்வது டிரைவரும் உங்கள் பிராசஸரும்தான். மோசம் என்று சொல்லவில்லை, அது வேறு ரகம். அதைப் பற்றி 10ஆவது பகுதியில் இருக்கிறது.

அசல் ஹார்டுவேர் ரெய்டில் இந்தப் பிரிக்கும் வேலைக்கென்றே தனி சிப் உண்டு. டெஸ்க்டாப்பிலும் சர்வரிலும் அதைக் கார்டாகச் சொருகலாம். லேப்டாப்பில் அதற்கு இடம் இல்லை. ஆகவே நமக்கு நடைமுறையில் மிஞ்சுவது வெளியே வைக்கும் பெட்டி. கடையில் என்க்ளோஷர் என்று கேட்டால் தெரியும். இரண்டு டிஸ்க்கை உள்ளே வைத்து, யுஎஸ்பி அல்லது அதைவிட வேகமான தண்டர்போல்ட் வழியாக இணைத்தால், லேப்டாப்புக்கு அது ஒரே ஒரு பெரிய டிஸ்க்காகத் தெரியும். டிரைவர் எதுவும் வேண்டாம் என்பதால் அதே பெட்டியை விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் வேண்டுமானாலும் சொருகலாம்.

2. உங்கள் தாமதம் டிஸ்க்கால்தானா?

காசு எடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். எந்த வேலை மெதுவாக இருக்கிறதோ அதையே ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, சிபியு 30, 40 என்று சும்மா இருக்கிறது என்றால் உங்களுக்கு டிஸ்க் பிரச்சினை. சிபியு 100 என்றால் ரெய்டு உதவாது. மெமரி நிரம்பி வழிகிறது என்றால் முதலில் ரேம் போடுங்கள்.

சி டிரைவே இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதை ஒரு எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். அதில் கிடைக்கும் வித்தியாசம் எந்த ரெய்டிலும் கிடைக்காது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டேட்டாவைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறைக்கு ரெய்டு 0 என்று பெயர். அது வேகமாக்குவது பெரிய ஃபைல்களை நீளமாகப் படிப்பதையும் எழுதுவதையும்தான்: 4கே வீடியோ, பெரிய புகைப்படத் தொகுப்பு, விர்ச்சுவல் மெஷின் இமேஜ் மாதிரி. விண்டோஸ் பூட் ஆவது, பிரவுசர் திறப்பது எல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும் வேலை. அங்கே ரெய்டு 0 ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போகிறீர்கள், வேகம் மட்டும்தான் குறி, 2 டிபி போதும் என்றால் ஒற்றை என்விஎம்இ எஸ்எஸ்டியை (பட்டை வடிவில் வரும் வேகமான ரகம்) நொடிக்கு 10 ஜிகாபிட் விடும் கேஸில் போட்டுச் சொருகுங்கள். அதுவே நொடிக்கு 1000 எம்பி அருகே தரும், ரெய்டின் தலைவலி எதுவும் இல்லை. ரெய்டு பெட்டி கணக்குக்கு ஒத்துவருவது, கையில் ஏற்கெனவே ஒரே மாதிரி இரண்டு 2.5 அங்குல எஸ்எஸ்டி இருக்கும்போது, அல்லது 8 டிபி, 16 டிபி என்று ஹார்டு டிஸ்க் அளவு இடம் வேண்டும், அது கொஞ்சம் வேகமாகவும் இருக்க வேண்டும் என்னும்போது. இதைக் கேட்டுவிட்டுப் பெட்டி வாங்காமல் திரும்பியவர்களும் உண்டு. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

3. முதலில் போர்ட்

பெட்டியும் டிஸ்க்கும் எவ்வளவு ஓடினாலும் போர்ட் விடுகிற அளவுதான் லேப்டாப்புக்குள் வரும். அதனால் வாங்கும் வரிசை: போர்ட்டைப் பார், அதற்கேற்ற பெட்டி, பெட்டிக்கேற்ற டிஸ்க்.

போர்ட்டின் வடிவத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும். அதற்குள் 480 மெகாபிட்டும் ஓடலாம், 40 ஜிகாபிட்டும் ஓடலாம். பெயர் வைத்தவர்கள் வேறு குழப்பிவிட்டார்கள்: யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றேதான், 5 ஜிகாபிட். எனவே பெயரை விட்டுவிட்டு, லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளர் பக்கத்தில் 'ஜிகாபிட்' எண்ணை மட்டும் தேடுங்கள்.

கையில் கிடைக்கும் நிஜ வேகம் சுமாராக இப்படி இருக்கும். யுஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 40 எம்பி. 5 ஜிகாபிட்டில் 400 முதல் 450. 10 ஜிகாபிட்டில் 900 முதல் 1000. தண்டர்போல்ட் 3 அல்லது 4 என்றால் 2500க்கு மேல், ஆனால் அதற்குத் தண்டர்போல்ட் பெட்டியே வேண்டும், விலையும் அதற்கேற்ப.

ஒற்றை சாட்டா எஸ்எஸ்டி (2.5 அங்குல எஸ்எஸ்டிகளில் வழக்கமாக வரும் பழைய இணைப்பு) தானாகவே 550 எம்பி ஓடும். உங்களிடம் இருப்பது 5 ஜிகாபிட் போர்ட் என்றால் ஒரு எஸ்எஸ்டியே அதை நிரப்பிவிடுகிறது. இரண்டாவதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அந்த போர்ட்டில் ரெய்டு 0 பயன் தருவது ஹார்டு டிஸ்க்குகளுக்கு மட்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் 3.5 அங்குல டிஸ்க் ஒன்று 200 எம்பி சுமார் தரும், இரண்டு சேர்ந்தால் 400, போர்ட்டுக்குச் சரியாக இருக்கும்.

பெட்டியின் அட்டையில் '20 ஜிகாபிட்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஜென் 2x2 என்ற ரகம், மிகச் சில லேப்டாப்களில்தான் உண்டு. இல்லாத போர்ட்டில் சொருகினால் 10க்கு இறங்கிவிடும். தண்டர்போல்ட் 3, 4 போர்ட்களிலும் அதே கதைதான்.

4. பெட்டி வாங்கும்போது

இரண்டு டிஸ்க் பிடிக்கும் பெட்டி எல்லாம் ரெய்டு பெட்டி அல்ல. மலிவான சிலவற்றில் உள்ளே ஒரு ஹப் மட்டும் இருக்கும். இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரியும், அவ்வளவுதான். பின்பக்கப் படத்தில் 0, 1 என்று எழுதிய சின்ன ஸ்விட்ச்சோ திருகியோ, பக்கத்தில் ஒரு 'செட்' பட்டனோ இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் வழியாக மோடு மாற்றும் பெட்டிகளும் உண்டு. ஆனால் அந்த மென்பொருள் நாலு வருடம் கழித்து ஓடுமா என்ற கவலை எனக்கு இருப்பதால் ஸ்விட்ச் உள்ளதைத்தான் சொல்வேன்.

தனி பவர் அடாப்டர் சொருகும் துளை கட்டாயம். சாதாரண நீல நிற யுஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். எழுதும்போது ஒரு எஸ்எஸ்டியே 2 முதல் 4 வாட் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்து, சிப்பும் சேர்ந்து இழுக்கும்போது மின்சாரம் போதாமல் பெட்டி நடுவில் துண்டிக்கப்படும். இந்தக் கோளாறு மோசமானது, ஏனென்றால் எப்போதும் வராது. சோதித்துப் பார்க்கும்போது நன்றாக ஓடி, 80 ஜிபி காப்பி நடுவில் காணாமல் போகும்.

யுஏஎஸ்பி ஆதரவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசையில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒன்று முடிந்து அடுத்தது. கேபிளைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பெட்டியோடு வந்ததையே பயன்படுத்துங்கள், அதில் ஒரு துண்டு டேப் ஒட்டி 'பெட்டி' என்று எழுதிவிடுங்கள், வீட்டில் யாராவது போன் சார்ஜ் செய்ய எடுத்துப் போகாமல் இருக்கும்.

5. டிஸ்க் இரண்டும் ஒரே ஜாதகமாக இருக்கட்டும்

அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவு. காரணம் நேரடியானது: ரெய்டு 0 சின்ன டிஸ்க்கின் அளவையும் மெதுவான டிஸ்க்கின் வேகத்தையும் தான் எடுத்துக்கொள்ளும். 1 டிபியும் 500 ஜிபியும் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 1.5 அல்ல, 1 டிபி. மீதி 500 வீண்.

எஸ்எஸ்டி வாங்கினால் கியூஎல்சி ரகத்தை (ஒரு மெமரி செல்லில் 4 பிட் வைப்பது) தவிர்த்து டிஎல்சி (3 பிட் வைப்பது) வாங்குங்கள். கியூஎல்சி டிஸ்க் ஆரம்பத்தில் பறக்கும், உள்ளே இருக்கும் வேக கேஷ் (தற்காலிகச் சேமிப்பு இடம்) நிரம்பியதும் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். கல்யாண வீடியோ மாதிரி ஒரே மூச்சில் 200 ஜிபி கொட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஹார்டு டிஸ்க் என்றால் தடங்களை ஒன்றன் மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் ரகம் வேண்டவே வேண்டாம், தடங்கள் படியாத சிஎம்ஆர் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில் பழைய டேட்டா மேல் திருப்பி எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் திடீர் திடீரென்று நின்று யோசிக்கும், சில ரெய்டு சிப்புகள் அதை டிஸ்க் செத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

இப்போது எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு படி. டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் வைக்கும் முன், ஒவ்வொன்றையும் தனியாக ஒரு சாதாரண யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் உடல்நலம் பாருங்கள், வேகமும் பாருங்கள், ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். ரெய்டு சிப்புக்குப் பின்னால் போனதும் பல பெட்டிகளில் ஸ்மார்ட் தகவல் (டிஸ்க் தன் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லும் விவரம்) வெளியே தெரியாது. ஃபர்ம்வேரும் ஏற்ற முடியாது. உள்ளே போட்ட பிறகு 'எந்த டிஸ்க் மெதுவாக இருக்கிறது' என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

சோதித்ததும் மார்க்கரால் 1, 2 என்று டிஸ்க் மேலேயே எழுதிவிடுங்கள். எந்தக் குழியில் எது என்பது ஒரு நாள் தேவைப்படும்.

6. பேக்கப், அதுவும் இப்போதே

ரெய்டு உருவாக்கும் நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது போய்விடும். 'ஒன்றில் டேட்டா இருக்கிறது, காலியான இரண்டாவதைச் சேர்த்தால் போதும்' என்று நினைத்து ஒருவர் பட்டனை அழுத்தி மூன்று மாத வேலையை இழந்ததை நேரில் பார்த்தேன். இந்தப் பெட்டிகளில் அப்படிச் சேர்க்கும் வழி கிடையாது.

எந்த மோடு என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள், பட்டன் முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ரெய்டு 0 என்றால் வேகம், ஆனால் இரண்டில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. ஒரு டிஸ்க் வருடத்துக்குள் போக 100இல் 2 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டைச் சேர்த்ததும் அது 3.96 ஆகிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. ரெய்டு 1 என்றால் ஒன்றின் நகல் இன்னொன்றில், இடம் பாதி, எழுதும் வேகம் ஒற்றை டிஸ்க் அளவே. வேகத்துக்காக வந்தவர்களுக்கு அது இல்லை.

நான் ரெய்டு 0வை வேலை மேசையாக மட்டுமே வைத்திருக்கிறேன். இன்றைக்கு எடிட் ஆகும் ப்ராஜெக்ட் அதில் இருக்கும், அதன் நகல் இரவில் தனியான ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடும். கேமரா கார்டை அழிப்பது அந்த நகல் போன பிறகுதான்.

7. மோடு அமைத்தல்

மொத்தமே ஐந்து நிமிட வேலை, ஆனால் இங்கே அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

பெட்டியின் பவர் அணைந்திருக்க வேண்டும், அடாப்டரும் கேபிளும் சொருகாமல். டிஸ்க்குகளை எண் வரிசைப்படி குழியில் தள்ளுங்கள்; கனெக்டரில் உட்காரும்போது லேசாக ஒரு தட்டல் கைக்குத் தெரியும். அப்புறம் ஸ்விட்ச்சை ரெய்டு 0க்கு வையுங்கள். அட்டவணையைப் பெட்டியோடு வந்த தாளில் பாருங்கள், ஏனென்றால் இரண்டு சின்ன ஸ்விட்ச் மேலே கீழே என்று நாலு கூட்டணி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சை மாற்றினால் மட்டும் பெரும்பாலும் எதுவும் நடக்காது. செட் பட்டனை ஊசி முனையால் அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட்டு, விளக்கு சிமிட்டும் வரை சில நொடி விடாமல் இருந்தால்தான் சிப் புதிய மோடை எடுத்துக்கொள்ளும். தெரியாமல் கை பட்டு டேட்டா அழியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இரட்டைப் பூட்டு. அதே காரணத்தால், எல்லாம் அமைந்த பிறகு அந்தப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். நான் அதன் மேல் டேப் ஒட்டிவிடுவேன்.

இனி, நான் அதிகம் பார்க்கும் தவறு. பெட்டிகளில் 'பிக்' அல்லது 'ஸ்பான்' என்று ஒரு மோடு இருக்கும். அது இரண்டு டிஸ்க்கையும் நீளவாக்கில் ஒட்டவைத்து ஒரே டிஸ்க்காகக் காட்டும்: முதலாவது நிரம்பிய பிறகுதான் இரண்டாவதில் எழுதும். இரண்டு 1 டிபி போட்டால் ரெய்டு 0விலும் 2 டிபி, ஸ்பானிலும் 2 டிபி. அளவைப் பார்த்து 'சரி, ரெய்டு ஆகிவிட்டது' என்று போய்விடுகிறார்கள். வேகம் மட்டும் ஒற்றை டிஸ்க் வேகம், ஆபத்து மட்டும் இரட்டை. அளவு எதையும் நிரூபிக்காது. 9ஆவது பகுதியின் வேகச் சோதனைதான் சொல்லும்.

8. விண்டோஸில் ஃபார்மட்

இப்போது லேப்டாப்பில் சொருகி, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். ஒரே ஒரு புதிய டிஸ்க் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தால் மோடு ஏறவில்லை, 7க்குத் திரும்புங்கள். அங்கேயே விண்டோஸின் டைனமிக் டிஸ்க்கை வைத்து ஸ்ட்ரைப் செய்துகொள்ளலாமே என்று சிலர் போவார்கள். அது சாஃப்ட்வேர் ரெய்டு, அதற்கு இவ்வளவு காசு கொடுத்துப் பெட்டி வாங்கியிருக்க வேண்டாம்.

டிஸ்க்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி. எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் போக முடியாது, மீதி இடம் கறுப்புக் கோடாக நின்றுவிடும்.

வால்யூம் உருவாக்கும்போது எஸ்எஸ்டி என்றால் மொத்த இடத்தையும் எடுக்காமல் 10 முதல் 15 சதவீதம் காலியாக, எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை பல யுஎஸ்பி ரெய்டு சிப்புகளைத் தாண்டி உள்ளே போவதில்லை. அது போகாவிட்டால் மாதங்கள் செல்லச் செல்ல எழுதும் வேகம் குறையும். தொடாமல் விட்ட இடம் டிஸ்க்குக்கு மூச்சு விட உதவும்.

ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால்தான் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் அதில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இல்லை. எழுதும்போது மின்சாரம் போனால் ஃபோல்டரே சிதையலாம். அலொகேஷன் அளவு 4 கேபி என்று இருப்பதைப் பெரிய வீடியோக்களுக்கு 64 ஆக்கலாம், லாபம் கொஞ்சம்தான். டிரைவ் எழுத்தை மட்டும் நீங்களே கொடுங்கள், வரிசையின் கடைசிப் பக்கமாக ஒன்று. விண்டோஸ் தானாகக் கொடுத்த எழுத்து, அடுத்த முறை பென் டிரைவ் சொருகியிருந்தால் மாறிப்போகும். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லா கிளிப்பையும் காணோம் என்று சிவப்பாகக் காட்டும்.

கடைசியாக டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் பாலிசிஸ் பக்கம். 'க்விக் ரிமூவல்' என்று இருப்பதை 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினால் எழுதும் வேகம் கூடும், பதிலுக்கு ஒவ்வொரு முறையும் எஜெக்ட் கொடுத்துத்தான் கேபிளை எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் உங்களுக்கு வராது என்று தெரிந்தால் மாற்றாதீர்கள்.

9. சோதனை: எண் சொல்வதைக் கேளுங்கள்

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். 1 ஜிபி சோதனை கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதால் 32 அல்லது 64 ஜிபி வையுங்கள், நேரம் ஆகும், டீ குடித்துவிட்டு வாருங்கள். 10 ஜிகாபிட் போர்ட்டில் இரண்டு சாட்டா எஸ்எஸ்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

900 முதல் 1000 வந்தால் எல்லாம் சரி. 550 அருகே நின்றால் ஒரு டிஸ்க்தான் வேலை செய்கிறது, ஸ்பான் மோடில் இருக்கிறீர்கள். 400, 450 என்றால் போர்ட்டோ கேபிளோ 5 ஜிகாபிட்; லேப்டாப்பின் மறுபக்கப் போர்ட்டில் சொருகிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே வேகமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 40 என்றால் யுஎஸ்பி 2.0, கேபிள். படிக்கும் வேகம் 900, எழுதுவது பாதியில் சரிந்து 150 என்றால் எஸ்எஸ்டியின் கேஷ் தீர்ந்துவிட்டது அல்லது சூடாகிவிட்டது. பெட்டியைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

கீழே 4கே ரேண்டம் (4கே வீடியோ அல்ல, 4 கேபி சின்னத் துண்டுகளை அங்கங்கே படிப்பது) என்று ஒரு வரி வரும், அதில் முன்னேற்றம் இருக்காது. பதற வேண்டாம், 2ஆவது பகுதியில் சொன்னதுதான்.

அப்புறம் நிஜ ஃபோல்டர் ஒன்றை, 50 ஜிபியாவது, காப்பி செய்யுங்கள். எங்கிருந்து என்பதைக் கவனியுங்கள். நொடிக்கு 90 எம்பி தரும் மெமரி கார்டிலிருந்து இறக்கினால் 90தான் வரும், அதற்குப் பெட்டி பொறுப்பல்ல. வேகம் சரியாக வந்தால் எடிட்டிங் சாஃப்ட்வேரின் மீடியா கேஷ், ப்ரிவியூ ஃபோல்டர்களையும் இந்த டிரைவுக்கு மாற்றுங்கள். பலர் கிளிப்பை மட்டும் மாற்றிவிட்டு கேஷை சி டிரைவிலேயே விட்டுவிடுகிறார்கள், டைம்லைன் அப்படியே திக்குகிறது.

10. லேப்டாப்புக்குள் இரண்டு எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டி சொருகும் இடம்) இருப்பவர்களுக்கு

பெட்டி இல்லாமல் உள்ளேயே பயாஸ் ரெய்டு செய்ய முடியும், சில கேமிங் லேப்டாப்களில் நன்றாகவே ஓடும். ஆனால் இரண்டாவது ஸ்லாட் சாட்டா மட்டுமா, இரண்டு லேனா நான்கு லேனா (லேன் என்பது டேட்டா ஓடும் பாதை) என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பழைய இன்டெல் மாடல்களில் இரண்டு ஸ்லாட்டும் சிப்செட் (பிராசஸருக்குத் துணையான சிப்) வழியாகப் போகும். சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள பாதை மொத்தமே நொடிக்கு 3500 எம்பி சுமார்தான் விடும். நல்ல என்விஎம்இ ஒன்றே அந்த அளவு ஓடுவதால், இரண்டு போட்டும் எண் ஏறாது.

துணிந்தால் வரிசை இது. முதலில் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) ரெகவரி கீயை எடுத்து லேப்டாப்புக்கு வெளியே வையுங்கள். பயாஸில் கை வைத்ததும் அது கேட்கக்கூடும், நீங்கள் பிட்லாக்கர் போட்டதாக நினைவில்லாவிட்டாலும். பிறகு பேக்கப். பிறகு உங்கள் மாடலுக்கான ரெய்டு டிரைவரைப் பென் டிரைவில் இறக்குங்கள். அதற்கப்புறம்தான் பயாஸில் மோடு மாற்றுவது, ரெய்டு உருவாக்குவது, விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் 'லோட் டிரைவர்' கொடுத்துப் பென் டிரைவைக் காட்டுங்கள். இருக்கிற விண்டோஸோடு மோடை மட்டும் மாற்றினால் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று நீலத்திரை வரும். பழைய மோடுக்குத் திருப்பினால் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

11. தினசரிப் புழக்கமும், கெட்டுப்போனால் செய்வதும்

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், பெட்டி ஓடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் மேசையில் உட்கார்ந்து எடிட் செய்யும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை, ரெண்டர் பாதியில் திரை அப்படியே இருக்க, பெட்டியின் விளக்கு மட்டும் அணைந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றைய ப்ராஜெக்ட் ஃபைல் திறக்கவே இல்லை. பெட்டியின் அடாப்டர் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சின்ன யுபிஎஸ் போதும், இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறும் நொடியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறதா என்று டேட்டா இல்லாத நாளிலேயே சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

லேப்டாப்பை மூடித் தூங்கவைத்து எழுப்பினால் டிரைவ் காணாமல் போகிறதா? பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணையுங்கள். அப்போதும் போனால், மூடும் முன் எஜெக்ட் செய்துவிடுவதே நல்லது.

ரெய்டு 0வில் உள்ள ஒரு டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்காதீர்கள். அதில் பாதி டேட்டா மட்டும் துண்டு துண்டாக இருப்பதால் விண்டோஸுக்குப் புரியாது, 'ஃபார்மட் செய்யவா' அல்லது 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும். பழக்கத்தில் ஓகே அழுத்தினால் அத்தோடு முடிந்தது.

டிஸ்க் நன்றாக இருந்து பெட்டி மட்டும் போய்விட்டால் டேட்டா இன்னும் இருக்கிறது. அதே மாடல் பெட்டியை வாங்கி, பவர் போடும் முன்பே ஸ்விட்ச்சைப் பழைய நிலைக்கு வைத்து, மார்க்கரில் எழுதிய வரிசைப்படி டிஸ்க்குகளைப் போட்டு, செட் பட்டனைத் தொடாமல் பவர் கொடுங்கள். வேறு கம்பெனிப் பெட்டியில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். சிப் மாறினால் துண்டு அளவும், சிப் டிஸ்க்கில் எழுதிவைக்கும் ரெய்டு குறிப்பும் மாறும், அது டிஸ்க்கைப் புதியது என்று நினைத்து மேலே எழுதிவிட வாய்ப்புண்டு. அதே மாடல் சந்தையில் இல்லை என்றால் டிஸ்க்கைத் தொடாமல் ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள், 1, 2 எது என்பதையும், ஸ்விட்ச் தாளின் போட்டோவையும் சேர்த்து.